பாம்பனில் எஃகு வாங்கிய இரண்டு காலங்கள்

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பன் ரயில் பாலம் 126 கர்டர்களைக் கடலுக்குக் கொடுத்தது. 1914 முதல் கப்பலுக்கு வழிவிட்டுவந்த ஷெர்ஸர் தூக்குப்பகுதி தப்பியது. சீரமைக்க ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம். தெற்கு ரயில்வே பொது மேலாளர் பி.சி. கங்குலி அதை மூன்று மாதமாகச் சுருக்கி, பொறுப்பை இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் கொடுத்தார். புதிய கர்டருக்கு ஆர்டர் போட்டால் ஆலையிலிருந்து வந்துசேரவே மாதங்கள் ஓடிவிடும். வேறு மாநிலங்களில் கிடந்த உதிரிகளை வரவழைக்கும் யோசனையும் இருந்தது. அந்த நேரத்தில்தான், விழுந்த கர்டர்கள் கடலடியில் கிடக்கின்றன என்ற தகவல் மீனவரிடமிருந்து வந்தது. தூக்கிப் பார்த்தார்கள், தேறியவற்றைத் தூண்களில் ஏற்றினார்கள். 46 நாளில் வேலை முடிந்தது.

இண்டெண்ட் (கொள்முதல் கோரிக்கை), விலைப்புள்ளி, ஒப்புதல் என்று கோப்பு மேஜை மேஜையாக நகர அங்கே நேரமில்லை. இந்த எஃகு போதுமா என்று தீர்மானித்தவரே அதன்மேல் ரயிலை ஓட்டிக் காட்டவும் வேண்டியிருந்தது. அந்த நெருக்கடிதான் வாங்குபவரையும் கட்டுபவரையும் ஒரே ஆளாக்கியது. ஆனால் தேர்வு செய்யும் வசதி இல்லை. உப்புக்காற்று அரிக்கும் அதே பழைய எஃகுதான் மறுபடி ஏறியது.

பாம்பனில் பின்னர் கட்டிய புதிய ரயில் பாலத்துக்கு அந்த வசதி இருந்தது. 2019 மார்ச்சில் அடிக்கல்; கட்டியது ரயில்வேயின் கட்டுமான நிறுவனமான ஆர்.வி.என்.எல். துருப்பிடிக்காத கம்பிகள், பாலிசிலாக்ஸேன் பூச்சு, 17 மீட்டர் மேலெழும் 72.5 மீட்டர் தூக்குப்பகுதி என்று இந்தக் கடலுக்கு ஏற்றதைக் கேட்டு வாங்க முடிந்தது. கொரோனா குறுக்கிட்டது, சுமார் 250 கோடி மதிப்பீடு 550 கோடியைத் தாண்டியது. வடிவமைப்பு ஸ்பெயின் நிறுவனத்துடையது, சரிபார்ப்பு ஐஐடிகளுடையது, தயாரிப்பு ஒப்பந்தக்காரருடையது. இத்தனை கைகள் மாறும் வேலையில், ஆர்டருக்கு முன்பே எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சுட்டியதும் ஏறக்குறைய இதைத்தான்: தூக்குப்பகுதி ரயில்வேயின் ஆய்வு, தரநிலை அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் தரநிலைப்படி இல்லை, அதற்கென தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவும் அமைக்கப்படவில்லை. ரயில்வே அமைச்சகம் ஐவர் குழுவை அமைத்தது. வடிவமைப்பு உறுதியானது என்று பதில் வந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று பாலம் திறக்கப்பட்டது. அந்தப் பதிலை நான் ஏற்கிறேன். என் குறை அது வந்த நேரத்தில்தான்: 660 டன் எஃகு வாங்கி, வெல்டிங் செய்து, தூண்மேல் ஏற்றிய பிறகே அந்த ஐவரும் கூடினார்கள்.