ஒரு கதவை எத்தனை தடவை தட்டலாம்?

வீடு வீடாகச் சென்று விபரம் திரட்டுவோருக்குப் பழைய சங்கடம் ஒன்றுண்டு. கதவு பூட்டியிருந்தால் எத்தனை தடவை திரும்பிச் செல்வது? ஒரே தடவையோடு விட்டுவிட்டால், பகலில் வீட்டில் இருப்போரின் நிலைமை மட்டுமே ஏட்டில் ஏறும். கடலுக்கும் வயலுக்கும் போனவர்கள் விடுபடுவர். ஓயாது சென்றாலோ செலவு பெருகும், வீட்டாருக்கும் தொல்லையாகும்.

அமெரிக்கப் புள்ளியியலாளர்களான ஹேன்சனும் ஹர்விட்சும் 1946இல் ஒரு வழி கூறினர். பதில் தராதோர் அனைவரையும் துரத்தாமல், அவர்களுள் ஒரு பகுதியினரை மட்டும் மாதிரியாகத் தெரிவுசெய்து நேரில் நாடுவதே அது. 1949இல் பொலிட்சும் சிம்மன்சும் வேறொரு உபாயம் கண்டனர். ஒரு தடவை மட்டும் செல்வது. முந்திய ஐந்து நாட்களில் இதே வேளையில் எத்தனை நாள் வீட்டில் இருந்தீர்கள் என்று கேட்பது. அரிதாக வீட்டிலிருப்போரின் பதிலுக்குக் கூடிய நிறை அளிப்பது. பின்னாளில் பல நாடுகளில் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வுகள், வெவ்வேறு வேளைகளில் குறைந்தது மூன்று தடவை செல்லுமாறு களப்பணியாளரைப் பணித்தன.

இவை யாவும் ஒரேயோர் ஆய்வை மனத்திற்கொண்டு எழுந்த விதிகள். ஒரே கதவைப் பல நிறுவனங்கள் மாறி மாறித் தட்டினால் என்னவாகும் என்பதை 2005இல் அம்பாறைக் கரையோரத்தில் நேரிற் கண்டேன்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. அங்கு மாண்டோர் 10,000க்கும் அதிகம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என அடுத்தடுத்துக் கிடக்கும் முஸ்லிம் ஊர்களின் கடலோரக் குறிச்சிகள் தரைமட்டமாயின. 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம், பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் விசேட கணக்கெடுப்பொன்றை நடத்தியது. அது அவசியமான பணி. ஆனால் கிராம சேவகரின் பதிவும் தொண்டு நிறுவனங்களின் படிவங்களும் வெளிநாட்டுக் குழுக்களின் வினாக்கொத்துகளும் அதனோடு சேர்ந்துகொண்டன.

"நீங்க எத்தினையாவது ஆள் தெரியுமா மனே?" என்று இடைத்தங்கல் முகாமொன்றில் மூதாட்டி ஒருவர் என்னிடம் கேட்டார். குறிப்பேட்டை மூடிவைத்தேன். நானும் அவ்வரிசையில் ஒருவன் என்பது அப்போதுதான் உறைத்தது.

எவர் வந்தாலும் முதற் கேள்வி, உங்கள் வீட்டில் எத்தனை பேர் மௌத்தானார்கள் என்பதே. மறுத்துச் சொல்லவும் அம்மக்களுக்கு வழியிருக்கவில்லை. கணக்கில் விடுபட்டவர் நிவாரணத்திலும் விடுபடுவர் என்ற அச்சம் இருந்தது. அச்சத்தின் பேரில் தரப்படும் பதிலைச் சம்மதம் என்று கொள்ளலாமா?

கதவைத் தட்டியோர் அறியாத சங்கதிகளும் உண்டு. கணவனை இழந்த முஸ்லிம் பெண்ணுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தாக் காலம். அந்நிய ஆடவர் முன் வருதல் தகாது. அலையில் கணவனைப் பறிகொடுத்தோருக்கு அது 2005 மே மாதத் தொடக்கம்வரை நீண்டது. படிவங்கள் மலிந்திருந்ததும் அக்காலத்திலேதான். மேலும், இக்கரையில் வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்படுவது. மருமகன்தான் அங்கு குடிபுகுகிறான். படிவமோ "குடும்பத் தலைவர்" யாரென்று கேட்கும். கடலுக்குப் போன கணவனைத் தேடி மறுபடியும் வருவார்கள். வீட்டுக்குரியவளோ வாசலிலேயே நிற்பாள். பின்னர் மீளக்கட்டிய வீடுகள் பல கணவன் பெயரில் எழுதப்பட்டபோது, பெண்கள் தம் சீதன உரிமையை இழந்தனர் என்ற முறைப்பாடு எழுந்தது. எத்தனை தடவை வந்தார்கள் என்பதோடு, யாரைத் தேடி வந்தார்கள் என்பதும் முக்கியமாகிறது.

2006இல் வெளியான சுனாமி மதிப்பீட்டுக் கூட்டணியின் அறிக்கைகளும், நிறுவனங்கள் ஒருங்கிணைப்பின்றித் தனித்தனியே மதிப்பீடுகள் செய்தமையைக் குறைகூறின. ஒவ்வொரு நிறுவனமும் மூன்று தடவை என்ற தன் எல்லையை மீறாதிருந்திருக்கலாம். ஆனால் பத்து நிறுவனங்கள் மும்மூன்று தடவை வந்தால் அவ்வீட்டுக்கு அது முப்பது தடவை. எல்லையை ஆய்வுக்கு விதித்தார்கள், வீட்டுக்கு விதிக்கவில்லை.

அடுத்த அனர்த்தம் எக்கரையில் நேரினும், முதலில் எழுதியவரின் ஏட்டை இரண்டாமவர் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். அதில் இல்லாததை மட்டும் கேட்பதற்காகக் கதவைத் தட்டட்டும். இது நிருபர்களுக்கும் பொருந்தும்.