களைப்பை மறைக்கும் மருந்து

நெய்யாற்றின்கரையை அடுத்த கோட்டுகாலில் வாழும் நம்மவர்க்கு மிதிவண்டி அன்றாட உழைப்பின் துணை. அருகிலுள்ள திருவனந்தபுரத்திலோ, 2015ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டு விழாவில் அது பந்தயக் களத்தில் ஓடியது. பந்தயம் என்றதும் ஊக்கமருந்து பற்றிய வழக்கும் உடன் எழுகின்றது. அவ்வழக்கின் பழைய ஏடுகளைப் பிரான்சில் புரட்டுவோம்.

விளையாட்டில் ஊக்கமருந்தைத் தடுக்க அந்நாடு 1965இல் சட்டம் செய்தது. மறு ஆண்டு, பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் நெடும் பந்தயத்தின்போது, போர்தோ நகரில் அதிகாரிகள் வீரர்களைச் சோதித்தனர். அடுத்த நாள் வீரர்கள் வண்டியினின்று இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டே நடந்து எதிர்ப்பைக் காட்டினர். தம் உடல்மீது பிறர்க்கு என்ன அதிகாரம் என்பது அவர்தம் கேள்வி.

1967 ஜூலை 13 அன்று, அதே பந்தயத்தில், கடும் வெயிலில் வாந்தூ மலைமீது ஏறுகையில் ஆங்கில வீரர் டாம் சிம்ப்சன் சாய்ந்து விழுந்து மாண்டார். வயது 29, 1965இன் உலக வாகையர். அவர் உடலில் ஆம்பெட்டமின் என்னும் மருந்தும் மதுவும் கண்டறியப்பட்டன. அம்மருந்து களைப்பை மறைப்பது. 'நில்' என்று உடல் இடும் கட்டளையைச் செவியில் விழாமற் செய்வது.

வீரர்களின் வாதம் நமக்கு உடன்பாடன்று. ஒருவர் மருந்துண்டால், உண்ணாதவர் தோற்கவேண்டும். அன்றேல் தாமும் உண்ணவேண்டும். அவருடைய உரிமைக்கு யார் பொறுப்பு?

இந்தியா 2022இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. வீரரை மட்டுமன்றி, அவரைப் பயிற்றுவோரையும் மருத்துவரையும் அது கட்டுப்படுத்துகின்றது.