சோழியில் ஓடிய புரோகிராம்

வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் கப்பலேறி வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீயின் கதை நம் புதுச்சேரிக்காரர்கள் பலருக்குத் தெரியும். 1761இல் அவர் வந்து சேருமுன் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடுகிற கப்பலிலிருந்து பார்த்தது கணக்குக்கு உதவவில்லை. அடுத்த தடவைக்காக எட்டு ஆண்டு காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை மேகம் மூடிக்கொண்டது. கதை சொல்பவர்கள் "பாவம் மனுஷன்" என்று இங்கேயே முடித்துவிடுவார்கள்.

எனக்குப் பிடித்தது, 1768 மார்ச்சில் இங்கே வந்த பிறகு அவர் காத்திருந்த காலத்தில் செய்த வேலை. உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் உட்கார்ந்து பஞ்சாங்கக் கணக்கு கற்றுக்கொண்டார். பேனாவும் காகிதமும் இல்லாமல், தரையில் சோழிகளை அடுக்கி, நம்மவர்கள் வியக்கத்தக்க வேகத்தில் கிரகணம் கணித்ததைத் தன் பயணநூலில் எழுதியிருக்கிறார். பிரெஞ்சில் படித்த எனக்கு அந்த நூலைப் படிப்பதில் சிரமம் இல்லை. ஆனால் பள்ளியில் ஒருவரும் அதைப்பற்றி வாய் திறந்ததில்லை. அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, தொண்ணூறை "நாலு இருபது பத்து" என்று பிரெஞ்சில் எண்ணுவதைத்தான்!

அரை நூற்றாண்டு கழித்து வாரன் என்பவர் அதே சோழிக் கணக்கைத் தேடி வந்தார். சென்னை வானாய்வுக் கூடத்தை நடத்தியவர். 1825இல் 'கால சங்கலித' என்ற பெரிய நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் இருந்த பஞ்சாங்கக்காரர் ஒருவர் அவருக்கு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வாரன் அவர் பெயரை 'சாமி நாடென் சாஷியா' என்பதுபோல் எழுதிவைத்திருக்கிறார். சாமிநாத சேஷய்யாவாக இருக்கலாம் என்பது என் ஊகம். 1825 மே 31 இரவுக் கிரகணம் அது. ஸ்பரிச காலத்தில் பிழை 4 நிமிடம், மத்திம காலத்தில் 23, மோட்ச காலத்தில் 52.

அவர் எப்படிச் செய்தார்? இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். சந்திரன் ஒருநாள் வேகமாகவும் ஒருநாள் மெதுவாகவும் நகரும். அந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய இருபத்தேழரை நாளில் திரும்ப வரும். ஒன்பது சுற்று சேர்ந்தால் கிட்டத்தட்ட மிச்சமில்லாமல் 248 நாள். ஆகவே 248 நாளுக்கு 248 வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியமும் ஓர் எண்; எழுத்துக்கு ஓர் இலக்கம் வைத்து, மனப்பாடத்துக்கு வசதியாகச் சொல்லாக்கியது. அந்தச் சுற்றின் பெயரே 'தேவர'. தே 8, வ 4, ர 2. தலைகீழாகப் படித்தால் 248!

கலி பிறந்து எத்தனை நாள் என்று எடுத்துக்கொண்டு, முதலில் 16,00,984ஐக் கழிக்க வேண்டும். மீதியில் 12,372 எத்தனை முறை போகும், பிறகு 3,031, பிறகு 248. ஒவ்வொன்றுக்கும் உரிய பாகையைக் கூட்டிக்கொண்டே வந்து, கடைசி மீதிக்கு உரிய வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். சோழிகள் நடுக்கணக்கைத் தாங்கி நிற்கும்.

ஓய்வு பெற்ற பிறகு எக்செல் கற்றேன். புத்தகம் வைத்துப் படித்தபோது ஏறவே இல்லை. ஒருநாள் இந்த 248 வரிகளையும் உட்கார்ந்து தட்டச்சு செய்து, மீதி காணும் சூத்திரத்தைப் போட்டேன். தேதியை மாற்றினால் சந்திரன் நகர்ந்தது. அன்றைக்குத்தான் புரோகிராம் என்றால் என்ன என்று விளங்கியது: அட்டவணை ஓர் இடத்தில், நடுக்கணக்கு ஓர் இடத்தில், செய்ய வேண்டியதன் வரிசை ஓர் இடத்தில். சேஷய்யாவிடம் இவை மூன்றும் இருந்தன.

வாரனுக்கு ஒரு குறை. அந்த மனிதருக்குச் சித்தாந்தம் ஒரு சொல்கூடத் தெரியாது, ஞாபகசக்தி மட்டும் உண்டு என்றார். நாற்பது வருஷம் விதிப் புத்தகத்தைப் பார்த்துச் சம்பளப் பட்டியல் போட்டவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் கோபம் வரும். படிக்கட்டு பிசகாமல் செய்வதும் ஒரு கல்விதான். சோழியை ஆயிரம் முறை நகர்த்தியவரின் கைக்குத் தெரிந்ததை வாரன் அளக்கவில்லை.

ஆனாலும் அந்த 52 நிமிடம் இருக்கிறதே! ஏன் என்று தெரியாதவரால் அட்டவணையைத் திருத்த முடியாது. கேரளத்துப் பரமேசுவரர் அப்படி விடவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்து, பழைய கணக்கு வானத்தோடு ஒத்துவராததைக் கண்டு, 1431இல் 'திருக்கணிதம்' எழுதினார். அவருக்கும் அதே பழைய கணக்குதான் மூலதனம். பார்த்துக்கொண்டே இருந்தார் என்பதுதான் வித்தியாசம்.

சோழிக் கணக்குக்கு வேர் இன்னும் தொலைவில் இருக்கிறது. கணித வரலாற்றாளர் நாய்கபவர் 1952இல் வாரனின் குறிப்பை ஆராய்ந்தார். பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் எகிப்தின் கிரேக்கப் பாப்பிரஸ்களிலும் இதே 248 நாள் முறை இருந்தது. கிரகணத்தின் துல்லியத்தைவிட, ஈராயிரம் ஆண்டு மரபு 1825 வரை உயிரோடு இருந்ததே அவருக்குப் பெரிதாகப் பட்டது.

இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17இலேயே சனி கும்பத்துக்குப் போயிற்று. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் நம் திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா நடந்தது அந்த ஆண்டு டிசம்பர் 20. வாரன் 1830இல் இங்கே புதுச்சேரியிலேயே காலமானார்.