ஏற்கும் கையும் அறத்தின் கையே

திருக்கோயில் எழும் இடத்தில் மடைப்பள்ளியும் எழுவது நம் மரபு. கருவறையில் தீபம் எரிவது போல மடைப்பள்ளியில் அடுப்பும் எரிய வேண்டும் என்பது ஆன்றோர் கொள்கை. அன்னதானத்தின் பெருமை விழா மலர்கள்தோறும் எழுதப்படுகின்றது. சமயச் சொற்பொழிவுகளில் விரித்துரைக்கப்படுகின்றது. ஆயினும் அந்த அன்னத்தை ஏற்பவரைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. நேற்றுவரை கொடுத்துப் பழகிய கை இன்று ஏற்க நேரும்போது அவர் மனம் படும் பாட்டைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே.

குடும்பத் தலைவரின் வேலை போய்விடுகின்றது. அல்லது நோய் வந்து இரண்டு மாதச் சம்பளம் நின்றுவிடுகின்றது. வீட்டு வாடகையும் மின்கட்டணமும் கட்டியபின் அரிசிக்குப் பணமில்லை. ஆலயத்தில் உணவுப் பொருள் வழங்குகிறார்கள் என்பது தெரியும். கேட்பதா, வேண்டாமா? "நம்மைவிட வறியவர் எத்தனையோ பேர் இருக்கிறார்களே, ஊரார் என்ன நினைப்பார்கள்?" என்று தயங்கி, நகையை அடகுக்கடைக்குக் கொண்டுசெல்வோர் உளர். நகையும் தீர்ந்தபின் வட்டி முதலைகளின் வாயில் விழுந்து, இரண்டு மாதத் துன்பத்தைப் பல ஆண்டுத் துன்பமாக ஆக்கிக்கொண்டோரும் உளர். இந்தத் தயக்கத்திற்கு நம் சமய வரலாறும், நம் முன்னோர் குடியேறிய இம்மண்ணின் வரலாறும் என்ன விடை கூறுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வள்ளுவர் வகுத்த இரண்டு அதிகாரங்கள்

ஏற்றுண்டு வாழ்வது இழிவு என்பது ஔவைப் பிராட்டியார் சிறுவர்க்கு உரைத்த அறிவுரை. திருவள்ளுவரும் இரவச்சம் என்னும் 107ஆம் அதிகாரத்தில், பசுவுக்குத் தண்ணீர் வேண்டிக் கேட்பதுகூட நாவுக்கு இழிவே என்னும் கருத்தை அமைத்துள்ளார். நம்மவர் பலர் இதனோடு நின்றுவிடுகின்றனர். அதற்கு முந்திய 106ஆம் அதிகாரம் 'இரவு' என்பதை அவர்கள் கருதுவதில்லை. கேட்கத் தகுந்தவரைக் கண்டால் கேட்கலாம் என்றும், அவர் இருப்பதை ஒளித்தால் பழி அவரையே சாரும், கேட்டவரைச் சாராது என்றும் அங்கே வள்ளுவர் பொருள்பட உரைக்கின்றார்.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. உழைக்க வல்லவர் உழைப்பை விட்டு, இரப்பதையே தொழிலாகக் கொள்வதை ஓர் அதிகாரம் விலக்குகின்றது. தன் செயலால் அன்றி நேர்ந்த இல்லாமையில், தக்கார் முன் சென்று நிற்பதை மற்றோர் அதிகாரம் ஏற்கின்றது. ஆகவே, கேட்பதா வேண்டாமா என்னும் வினாவை 'மானமா, சோறா' என்று கொள்வது பிழை. எக்காலத்தில், எவரிடம், எவ்வளவு என்பதே ஆராயத்தக்கது.

பாத்திரம் நிறைந்திருந்தும் பயனற்றுப்போன கதை

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான மணிமேகலை பௌத்த நூலாயினும், பசிப்பிணி தீர்த்தலைப் போற்றுவதில் அனைத்துச் சமயத்தார்க்கும் பொதுவானது. அதில் வரும் ஆபுத்திரன், மதுரையில் சிந்தாதேவி அருளிய அமுதசுரபியைக் கொண்டு பசித்தோர்க்கெல்லாம் உணவளித்து வந்தான். பின்னர் மழை பொழிந்து பாண்டிய நாடு செழித்தது. உண்பதற்கு எவரும் வரவில்லை. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கையில் இருந்தும், ஏற்பவர் இன்மையால் அவன் வருந்தித் திரிந்தான். சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிகின்றனர் என்று கேள்வியுற்றுக் கப்பலேறினான். இடையில் மணிபல்லவத்தில் இறங்கிய அவனை விட்டுக் கப்பல் சென்றுவிட, பிறர்க்குப் பயன்படாத பாத்திரம் தனக்கு எதற்கென்று கோமுகிப் பொய்கையில் அதனை விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

அவன் நாடிய சாவகத்தை நம் தென்கிழக்காசியத் தீவுப் பகுதியோடு இணைத்துக் கூறுவர் அறிஞர். அக்கதை உணர்த்தும் உண்மை யாதெனில், ஏற்பவர் இல்லையேல் கொடுப்பவரின் அறமும் நிறைவேறாது என்பதே. ஏற்பவர் கொடுப்பவர்க்குக் கடன்பட்டவர் மட்டுமல்லர். அவரது அறத்தைப் பயனுறச் செய்பவரும் ஆவார்.

திருவீழிமிழலையில் கிடைத்த காசு

சைவ உலகில் இதற்குச் சிறந்த சான்று திருவீழிமிழலை நிகழ்ச்சியாகும். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அடியார் கூட்டத்துடன் அத்தலத்தில் தங்கியிருந்தபோது, மழை பொய்த்து நாட்டில் பஞ்சம் வந்தது. அடியவர்கள் பசியால் வாடினர். இறைவன் இருவர் கனவிலும் தோன்றி, பஞ்சம் தீரும்வரை நாள்தோறும் ஒவ்வொரு காசு தருவதாக அருளினார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. கிழக்கிலும் மேற்கிலும் உள்ள பீடங்களில் இருவர்க்கும் காசு வைக்கப்பட்டது. அக்காசினால் பொருள் வாங்கி, அடியார் அனைவரும் வந்து உண்க என்று பறையறைந்து அழைத்தனர்.

இதில் நாம் உற்று நோக்க வேண்டியவை சில உள்ளன. அவ்விருவரும் 'எங்களுக்கு வேண்டாம்' என்று மறுக்கவில்லை. பெற்றதைத் தமக்கென வைத்துக்கொள்ளவும் இல்லை. நாவுக்கரசர் பெற்ற காசு குறையற்றதாய் இருந்தது. சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி, அதாவது வட்டம், கொடுத்து மாற்ற வேண்டியிருந்தது. அதனால் அவர் மடத்தில் அமுது காலம் தாழ்ந்தது. அப்பர் பெருமான் கையில் உழவாரப் படையேந்தி உடலால் தொண்டு செய்தவர். அதனாலேயே அவர்க்கு நற்காசு கிடைத்தது என்பது சேக்கிழார் காட்டும் காரணம். பின்னர்ச் சம்பந்தரும் பதிகம் பாடி நற்காசு பெற்றார். மழை பெய்தது, வறுமை நீங்கியது, இருவரும் தல யாத்திரையைத் தொடர்ந்தனர். பஞ்ச காலத்துக் காசு பஞ்சத்தோடு முடிந்தது.

திருவாரூர்த் தெருக்களில் நெல்மலை

சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறும் இதையே வலியுறுத்துகின்றது. திருவாரூரில் அவர் இல்லத்திற்கு வேண்டிய நெல்லும் பருப்பும் பிறவும் குண்டையூர்க் கிழவர் தொடர்ந்து அனுப்பி வந்தார். இறைவனின் தோழர் எனப் பெற்றவர் வீட்டு அடுப்பே ஓர் அன்பர் தந்த நெல்லால் எரிந்தது. ஓராண்டு மழையின்றி விளைவு குறைந்தபோது, கொடுக்க இயலவில்லையே என்று கிழவர் உண்ணாது துயின்றார். இறைவன் அருளால் குண்டையூரில் நெல்மலை குவிந்தது. அதனை எடுத்துச்செல்ல ஆள் வேண்டும் என்று சுந்தரர் திருக்கோளிலியில் நாணமின்றி இறைவனிடமே கேட்டார். இரவோடு இரவாகப் பூதகணங்கள் திருவாரூர் முழுவதும் நெல்லைக் கொண்டுவந்து சேர்த்தன. பரவையார் செய்தது என்ன? அவரவர் வாசலில் உள்ள நெல்லை அவரவரே எடுத்துக்கொள்க என்று முரசறைவித்தார். எவர் வறியவர், எவர் செல்வர் என்று ஆராயவில்லை. எவரும் கேட்டுத் தலைகுனிய வேண்டிய நிலையையும் வைக்கவில்லை.

சோறிடும் இரு வழிகள்

உதவி பெறுவோர் தயங்குவதற்கு உதவும் முறையும் ஒரு காரணம் என்பதை 19ஆம் நூற்றாண்டின் இரு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. வள்ளலார் இராமலிங்க அடிகள் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்குப் பார்வதிபுரம் மக்கள் 80 காணி நிலம் அளித்தனர். சாதி, சமயம், ஊர் எதுவும் வினவாது, பசித்து வந்தவர் என்னும் ஒரு தகுதியே அங்குப் போதுமானதாயிற்று. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது.

பத்து ஆண்டுகளுக்குள் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. 1877இல் அரசின் சார்பில் வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியில் கடுமையாக உழைக்கும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும், அதாவது ஏறத்தாழ 450 கிராமும், ஓரணாவும் போதும் என வரையறுத்தார். தகுதியற்றவர் எவரும் உண்டுவிடக்கூடாதே என்பதே அங்குப் பெருங்கவலை. எதிர்ப்பு எழுந்தபின் அளவு உயர்த்தப்பட்டது. ஒன்று பசித்தவரை நம்பியது, மற்றொன்று ஐயுற்றது. இன்று உணவு வழங்கும் எந்தச் சபையும், தான் இவ்விரண்டில் எதன் வழியில் நிற்கின்றது என்று தன்னையே வினவிக்கொள்ள வேண்டும்.

மலாயா மண்ணில்

அத்தகைய பஞ்சங்களும் வறுமையும் துரத்தவே நம் முன்னோரில் பலர் கடல் கடந்து மலாயா வந்தனர். இங்கும் சோதனைகள் விடவில்லை. தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்து பெற்று வந்த மலாயா, 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசியின்றித் தவித்தது. மரவள்ளிக் கிழங்கே பலர்க்கு உணவாயிற்று. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆடவர் கொண்டுசெல்லப்பட்ட தோட்டங்களில், லயத்து வீடுகளில் எஞ்சிய பெண்களும் குழந்தைகளும் பட்ட துன்பம் சொல்லில் அடங்காது. அக்காலத்தில் பக்கத்து வீட்டாரிடம் ஒரு கை அரிசி வாங்கியவர் எவரையும் நாம் இழிவாக எண்ணுவதில்லை. அவர்கள் ஏற்று உண்டு உயிர் காத்ததால் அன்றோ நாம் இன்று இங்கே இருக்கின்றோம்!

போர் முடிந்தும் பற்றாக்குறை தீரவில்லை. சிங்கப்பூரில் 1946இல் அமைக்கப்பட்ட சமூகநலத் துறை, 'மக்கள் உணவகங்கள்' என்னும் பெயரில் 35 காசுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்க ஏற்பாடு செய்தது. அடுத்த ஆண்டு சிறுபிள்ளைகளுக்கான உணவு நிலையங்களும் தொடங்கப்பட்டன. அங்கே தொண்டு புரிந்த பெண்மணிகள் கண்ட குடும்பத் துயரங்களே, 1949இல் சிங்கப்பூர்க் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றக் காரணமாயின. ஒரு தட்டுச் சோறு வாங்க வந்தவர்களால் ஒரு நாட்டின் தேவைகள் வெளிச்சத்திற்கு வந்தன என்பது எண்ணத்தக்கது.

வெள்ளைக் கொடி கூறிய பாடம்

அண்மைய வரலாற்றையும் நோக்குவோம். கோவிட் தொற்றினால் மலேசியாவில் 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. 2021 ஜூன் மாதம் மீண்டும் முழு முடக்கம் வந்தபோது, நாட்கூலிக் குடும்பங்கள் நிலைகுலைந்தன. அம்மாத இறுதியில் 'வெள்ளைக் கொடி' இயக்கம் பரவியது. உணவு இல்லாதவர் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும்; எவரிடமும் வாய் திறந்து கெஞ்ச வேண்டியதில்லை. அக்கொடியைக் கண்ட அண்டை அயலார் இன, சமய வேறுபாடின்றி அரிசியும் முட்டையும் பாலும் கொண்டுவந்து தந்தனர். பரவையார் அறைவித்த முரசின் மறுபக்கம் போல அது விளங்கியது.

ஆயினும் அனைவரும் கொடி கட்டுவதில்லை. 2019ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்த சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, 10.4 விழுக்காட்டுக் குடும்பங்கள் ஓராண்டில் ஒருமுறையேனும் போதிய உணவுக்கு வழியின்றி இருந்ததாகக் கண்டது. அவர்களில் பலர் உதவியை நாடவில்லை. உதவி இருப்பது தெரியாமை, கூச்சம், தம்மைவிட வறியவர்க்கு அது சேரட்டும் என்னும் எண்ணம் ஆகியவை அதற்குக் காரணங்களாய் இருந்தன. வளமான நாட்டிலும் நாணம் பசியை மறைத்து வைக்கின்றது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பிறர்க்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் உயர்ந்ததே. ஆனால் அதன் விலையைத் தருபவர் யார்? பெரியவர் ஒருவேளை பட்டினி கிடப்பது அவர் விருப்பம். வளரும் பிள்ளையை வெறும் வயிற்றோடு பள்ளிக்கு அனுப்புவதும், சர்க்கரை நோயுள்ள தாய்க்கு உணவைக் குறைப்பதும் தியாகம் ஆகா.

அடியார் காட்டிய அளவுகோல்

ஆகவே, தற்காலிகப் பொருள்முடையில் உணவுதவி நாடுவதா என்று தயங்கும் அன்பர்கள், திருவீழிமிழலையை நினைவுகூர்ந்து தம்மைத் தாமே சில வினாக்கள் கேட்டுக்கொள்ளலாம். இப்பற்றாக்குறை நம் சோம்பலால் வந்ததா, மழை பொய்த்தது போல் வந்ததா? உதவி பெறும் காலத்திலும், உழவாரம் ஏந்திய அப்பர் போல, நம்மால் இயன்ற முயற்சியும் தொண்டும் தொடர்கின்றனவா? தேவைக்கு மிஞ்சியதை அடுத்தவருக்கு அளிக்கின்றோமா? மழை வந்தபின் காசை விட்டு நகரவும், அடுத்த பஞ்சத்தில் பிறர்க்குக் கொடுக்கவும் மனம் கொண்டுள்ளோமா? இவற்றிற்கு நேர்மையான விடை கிடைக்குமாயின் கேட்பதில் இழிவில்லை. அடகு வைக்கும் முன்பே, வட்டிக்கு வாங்கும் முன்பே கேட்பது அறிவுடைமையும் ஆகும்.

ஆலயத்தாராகிய நமக்கும் கடமை உண்டு. உதவி பெறுவோரை மேடையேற்றிப் படம் பிடிப்பதும், பெயரைப் பலகையில் எழுதுவதும் வேண்டாதவை. பொட்டலத்தை வீட்டிற்கே கொண்டுபோய்க் கொடுத்து, 'இது அம்பாள் பிரசாதம்' என்று சொன்னால் வாங்குவோர் மனம் குளிரும். பந்தியில் அமர்ந்தபின் நன்கொடையாளரும் வறியவரும் ஒரே இலையில் ஒரே சோற்றையே உண்கின்றனர். பிரசாதத்தை ஏந்தும் கையில் உயர்வு தாழ்வு இல்லை.

பிச்சாடனராய்க் கையில் கபாலம் ஏந்திச் சென்றவன் சிவபெருமான். காசியில் அன்னபூரணியின் முன் கை நீட்டி நின்றவனும் அவனே. ஆண்டவனே ஏற்றுக் காட்டிய பின், அல்லற்பட்ட அடியவர் ஏற்பதில் நாணம் எதற்கு? இவ்விழா நாளில் நம் மடைப்பள்ளியை நாடி வரும் அனைவரும் தயக்கமின்றி அமுதுண்டு செல்க. இன்று ஏற்கும் கைகள் நாளை வழங்கும் கைகளாய் மலர அம்பிகையின் திருவருள் துணை நிற்பதாகுக.