பங்களிப்புக் கவனக்குறைவு (மோட்டார் வாகன விபத்து இழப்பீடு)

விபத்தில் அடிபட்டவரின் சொந்தக் கவனக்குறைவும் அந்த விபத்துக்கு ஒரு காரணமாக இருந்தால், அவருக்குச் சேர வேண்டிய இழப்பீட்டில் அந்தப் பங்கைக் கழிக்கும் சட்டக் கோட்பாடு பங்களிப்புக் கவனக்குறைவு எனப்படும். இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி தாக்கலாகும் மனுக்களில் காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாக எழுப்பும் எதிர்வாதம் இது. எந்தத் தவறுக்கு எத்தனை விழுக்காடு என்று சட்டத்தில் அட்டவணை ஏதும் இல்லை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சாட்சியத்தைப் பார்த்து அதை முடிவுசெய்கிறது.

வரலாறு

இங்கிலாந்தில் 1809-இல் தீர்க்கப்பட்ட பட்டர்ஃபீல்டு எதிர் ஃபாரஸ்டர் வழக்கில், சாலையின் குறுக்கே கிடந்த கழியில் மோதி விழுந்த குதிரைச் சவாரிக்காரருக்கு, அவர் மிக வேகமாக வந்தார் என்பதால் இழப்பீடே மறுக்கப்பட்டது. சிறு தவறுகூட முழுத் தொகையையும் பறித்துவிடும் இந்தக் கடுமையை 1945-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கி, தவறின் அளவுக்கேற்பத் தொகையைக் குறைக்கும் முறையைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அலபாமா, மேரிலாந்து, வடக்கு கரோலினா, வர்ஜீனியா மாநிலங்களில் பழைய விதியே இன்னும் தொடர்கிறது. இந்திய நீதிமன்றங்கள் பங்கிட்டுக் குறைக்கும் முறையைப் பின்பற்றுகின்றன.

கணக்கிடும் முறை

முதலில் மருத்துவச் செலவு, வருமான இழப்பு, நிரந்தர ஊனம், வலியும் வேதனையும் ஆகிய இனங்களில் முழு இழப்பும் கணக்கிடப்படும். பிறகே தவறின் பங்கு கழிக்கப்படும். மொத்த இழப்பு 10,00,000 ரூபாய், மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் மீதான தவறு 30 விழுக்காடு என்றால், அவருக்குக் கிடைப்பது 7,00,000 ரூபாய். ஓட்டியவர் இறந்துவிட்டால், குடும்பத்தார் பெறும் தொகையிலும் இதே கழிவு உண்டு.

கூட்டுக் கவனக்குறைவு

பேருந்தும் லாரியும் மோதிப் பயணி ஒருவர் காயமடைந்தால், பயணியின் தவறு அதில் ஏதுமில்லை. இரு ஓட்டுநர்களின் தவறும் சேர்ந்த இது கூட்டுக் கவனக்குறைவு. இத்தகைய வழக்கில் பாதிக்கப்பட்டவர் முழுத் தொகையையும் இருவரில் எவரிடமிருந்தும் பெறலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பங்கு பிரிப்பது அந்த இரு தரப்பும் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் இருந்தவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு; ஓட்டியவரின் தவறு அவர் தலையில் ஏறாது.

மெய்ப்பிக்கும் பொறுப்பு

தவறு இருந்தது என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். நேருக்கு நேர் மோதல் என்பதாலேயே இரு தரப்பும் தவறு செய்ததாக ஊகிக்க முடியாது. வாகனம் சாலையில் எங்கே நின்றது என்று காட்டும் பார்வை மகஜரை மட்டும் வைத்துத் தவறைப் பங்கிடக் கூடாது என்று கேரள வழக்கொன்றில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேரில் பார்த்த சாட்சி, முதல் தகவல் அறிக்கை, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

விதிமீறலும் விபத்துக் காரணமும்

விதியை மீறியவர் அதற்குரிய அபராதம் கட்ட வேண்டியவர். ஆனால் அந்த மீறல் விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்தால்தான் இழப்பீடு குறையும். உரிமம் இல்லாமல் ஓட்டியது மட்டும் பங்களிப்புக் கவனக்குறைவு ஆகாது என்று 2008-இலும், ஒரே மோட்டார் சைக்கிளில் மூவர் சென்றது மட்டும் அப்படி ஆகாது என்று 2020-இலும் உச்ச நீதிமன்றம் கூறியது. இரண்டாம் வழக்கில் உயர் நீதிமன்றம் கழித்திருந்த 10 விழுக்காடும் ரத்தானது. ஹெல்மெட் அணியாதவருக்குக் கால் முறிந்தால், ஹெல்மெட்டுக்கும் அந்தக் காயத்துக்கும் தொடர்பில்லை. தலைக்காயம் என்றால் கேள்வி எழும். நியாயமான கழிவுக்கும் அநியாயமான கழிவுக்கும் இடையிலான கோடு இதுவே.

தவறு பாராத இழப்பீடு

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 164-ஆம் பிரிவின்படி, யார் தவறு என்று மெய்ப்பிக்காமலேயே உயிரிழப்புக்கு 5,00,000 ரூபாயும் கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாயும் பெறலாம். 166-ஆம் பிரிவின்படி கூடுதல் தொகை கோருபவர் விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும். தீர்ப்பாயம் கழித்த விழுக்காடு தவறு என்று கருதுபவர், 173-ஆம் பிரிவின்படி 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.