நரைத்துப் போன பேனா

அப்பா போன நவம்பர் 30ஆம் தேதி ரிடையர் ஆனார். அதுக்காக ஒரு மரப்பேனா கடைஞ்சேன். (பொட்டி தட்டுறவனுக்கு கடைசல் மெஷின் எதுக்குன்னு வீட்டுலயும் கேட்டாச்சு, நீங்களும் கேக்காதீங்க!) மரம், எங்க பழைய முடிச்சூர் வீட்டு ஜன்னல் சட்டம். 2015 டிசம்பர் வெள்ளத்துல இடுப்பளவு தண்ணி நின்ன வீடு அது. ஊறிப்போனதெல்லாம் விறகுக்குப் போக, ஒரே ஒரு தேக்குச் சட்டத்தை மட்டும் அம்மா மொட்டை மாடியில காய வெச்சுக் காப்பாத்தி வெச்சிருந்தாங்க.

29ஆம் தேதி ராத்திரி, வெளிய கொட்டுற மழையில, அவசர அவசரமா பாலிஷ் போட்டேன். காலையில வெளிச்சத்துல பார்த்தா பேனா முழுக்க பால் தெளிச்ச மாதிரி வெள்ளை. வேற வழியில்லாம அப்படியே குடுத்தேன். அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "என்னை மாதிரியே நரைச்சுடுச்சேடா"ன்னு சொல்லி சட்டைப்பையில செருகிக்கிட்டார். சிரிச்சார்தான். ஆனாலும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

வெள்ளத்துல ஊறின மரமாச்சே, பூஞ்சையா இருக்குமோன்னுதான் முதல்ல பயந்தேன். பூஞ்சைன்னா துணியால துடைச்சா கொஞ்சமாவது பொடியா வரும், முகர்ந்தா ஒரு மக்கல் வாசனை அடிக்கும். இதுல ரெண்டும் இல்லை. துணியில ஸ்பிரிட்டை ஒற்றி லேசா ஒரு இழுப்பு இழுத்தேன், அந்த இடம் மட்டும் பளிச்சுன்னு தெளிஞ்சுது. அப்ப வெள்ளை மரத்துல இல்லை, பாலிஷுக்குள்ளதான் இருக்கு.

அந்த பாலிஷ் அவலரக்கு, அதாங்க ஷெல்லாக். புரசு, இலந்தை மாதிரி மரங்களோட கிளையில ஒட்டிக்கிட்டு ஒரு குட்டிப் பூச்சி கசிய விடுற பிசின். (புரசைவாக்கத்துக்குப் பேர் வந்ததே இந்தப் புரசாலதான்னு சொல்லுவாங்க.) பாண்டவர்களை எரிக்கக் கட்டின அரக்கு மாளிகையில தொடங்கி, அரக்கு நமக்குப் புதுசு இல்லை. பாட்னாவுல இருந்த ஜேம்ஸ் கெர் இந்தப் பூச்சியைப் பத்தி எழுதின கட்டுரை 1781ல லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல வந்தது. பூச்சியோட விஞ்ஞானப் பேர்ல இருக்கிற 'கெரியா' அவர் நினைவாத்தான்.

வேடிக்கை என்னன்னா, கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல வியாபாரம் பூச்சியோட சிவப்புச் சாயத்தைச் சுத்தித்தான். 1856ல பெர்கின் செயற்கைச் சாயம் கண்டுபிடிச்சாரு, அதுக்கப்புறம் அந்தத் தொழில் படுத்துடுச்சு. துணைப்பொருளா கிடந்த பிசின் ராஜா ஆயிடுச்சு. கிராமபோன் தட்டு அதுலதான் செஞ்சாங்க. 1908ல கல்கத்தா சியால்தாவுல தட்டு அடிக்கிற ஃபாக்டரியே வந்தது. (தாத்தாவோட பழைய தட்டு யார்கிட்டயாவது இருந்தா, பூஞ்சை பிடிச்சிருக்குன்னு ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுடாதீங்க, பாட்டு கரைஞ்சு போயிடும்!)

அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சுப் பூசற பிரெஞ்சு பாலிஷ் 1800களோட ஆரம்பத்துல ஐரோப்பாவுல பரவி, அப்புறம் நம்ம ஊர் மேஜை, பீரோவுக்கெல்லாம் ஏறின முறை. நம்ம சரக்கு, அவங்க பக்குவம். வில்லங்கம் அங்கதான். ஸ்பிரிட் சட்டுன்னு ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துடும். ஈரக்காத்துல இருக்கிற தண்ணி அங்க படிஞ்சு, காயுற அரக்குக்குள்ள நுண்துளியா மாட்டிக்கும். வெளிச்சம் அதுல சிதறி வெள்ளையாத் தெரியும். மழைக்கால ராத்திரியில தாம்பரத்துல காத்தோட ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல போறது சர்வசாதாரணம். இது தெரியாம நான் ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுப் பூசியிருக்கேன்!

இங்கதான் எனக்கு உறைச்சது. நம்ம கடைசல்காரங்க ஸ்பிரிட்டைத் தொடுறதே இல்லையே? அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான், சன்னபட்டணா பொம்மை எல்லாமே சுத்துற மரத்து மேல அரக்குக் குச்சியை அழுத்திப் பூசினதுதான். உரசுற சூட்டுலயே அரக்கு உருகிப் படியும், மேல தாழை ஓலையை வெச்சு அழுத்தினா பளபளப்பு வந்துடும். ஆவியாக ஒண்ணும் இல்லை, அதனால குளிர்றதும் இல்லை, தண்ணி உள்ள மாட்டிக்கவும் வழியில்லை. சின்ன வயசுல அந்தச் சொப்பை வாயில வெச்சுக் கடிச்சு எச்சில் பண்ணினவன் நான். அது வெளுத்ததா ஞாபகமே இல்லை. பேனாவும் கடைசல் சாமான்தானே, இத்தனை நாளா ஏன் தோணலை?

தை மாசம் வெயில் வந்ததும் அப்பாகிட்ட பேனாவைக் கேட்டு வாங்கினேன். பழைய பாலிஷை ஸ்பிரிட்டால சுத்தமா எடுத்துட்டு, ரெண்டு நாள் காய விட்டு, அரக்குக் குச்சியைப் பிடிச்சேன். முதல் தடவை வேகம் அதிகமாகி, கருகின வாசனை தெருமுனை வரைக்கும் போச்சு. மூணாவது தடவைதான் சமமாப் படிஞ்சுது. தாழை ஓலைக்கு எங்க போறது? பழைய காட்டன் வேட்டிக் கிழிசல்தான்.

இந்த ஐப்பசியும் கார்த்திகையும் தாண்டியாச்சு. பேனா இன்னும் தேக்கு நிறத்துலதான் இருக்கு. மூடியில மட்டும் ஒரு இடத்துல லேசா வெள்ளை தெரியுது, அங்க பழைய பாலிஷ் மிச்சம் இருந்திருக்கணும். அதையும் எடுத்துத் தரேன்னு சொன்னேன். "அது கிடக்கட்டும்டா"ன்னுட்டார் அப்பா.