பெரியாறு குத்தகை ஒப்பந்தம் (1886)

பெரியாறு குத்தகை ஒப்பந்தம் என்பது முல்லைப் பெரியாறு அணை கட்டுவதற்காகத் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்தியாவுக்கான பிரித்தானிய அமைச்சருக்கும் இடையே 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான ஒப்பந்தமாகும். இது இரு அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கையா, நிலக் குத்தகையா என்ற கேள்வி பின்னாளில் எழுந்தது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்குக்கு வரும் தண்ணீரின் உரிமை அதன் விடையைச் சார்ந்திருந்தது.

பின்னணி

பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கிறது. மலையைக் குடைந்து அந்த நீரை வைகைப் படுகைக்குத் திருப்பச் சென்னை மாகாண அரசு திட்டமிட்டது. அணைக்கான இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் இருந்ததால் மகாராஜாவின் இசைவு தேவைப்பட்டது.

விதிகள்

சமஸ்தானத்தின் சார்பில் திவான் வி. ராமய்யங்காரும், பிரித்தானியர் சார்பில் ரெசிடென்ட் ஜே. சி. ஹானிங்டனும் கையெழுத்திட்டனர். நீர் தேங்கும் 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகையில் 999 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. பிணக்குகளை நடுவர்கள் தீர்க்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஜான் பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்ட அணை 1895இல் திறக்கப்பட்டது.

பிணக்குகள்

இந்நீரில் மின்சாரம் எடுக்கச் சென்னை அரசு முயன்றபோது திருவிதாங்கூர் மறுத்தது. நடுவராக இருந்த நளினி ரஞ்சன் சாட்டர்ஜி, நீர் பாசனத்துக்கு மட்டுமே உரியது என்று 1941இல் தீர்ப்பளித்தார்.

இந்திய விடுதலைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பிரித்தானிய முடியரசு சமஸ்தான மன்னர்களுடன் செய்திருந்த உடன்படிக்கைகளை 1947இல் முடிவுக்குக் கொண்டுவந்தது. எனினும் 1970 மே 29 அன்று தமிழ்நாடும் கேரளமும் துணை ஒப்பந்தங்கள் செய்தன. வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயானது; மீன்பிடி உரிமை கேரளத்துக்குச் சென்றது; லோயர் கேம்ப் மின்நிலையத்தில் மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழ்நாட்டுக்கு உறுதியானது.

2014 தீர்ப்பு

அணையின் நீர்மட்டம் பற்றிய வழக்கில், 1886 ஒப்பந்தம் 1947இலேயே காலாவதியாகிவிட்டது என்று கேரளம் வாதிட்டது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இது அரசியல் உடன்படிக்கை அன்று, சாதாரணக் குத்தகையே. ஆகவே 7ஆம் பிரிவு இதற்குப் பொருந்தாது என்றது. 1970இல் கேரளமே இதை உறுதிசெய்ததையும் சுட்டிக்காட்டியது. 142 அடி வரை நீர் தேக்கவும் அனுமதித்தது.

முக்கியத்துவம்

நாடுகளுக்கிடையே பன்னாட்டுச் சட்டத்தின்கீழ் எழுத்தில் செய்யப்படுவதே உடன்படிக்கை என்று 1969ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் வரையறுக்கிறது. பொதுவாக உடன்படிக்கையே குத்தகையைவிட வலிமையானதாகக் கருதப்படும். பெரியாற்றில் நிலைமை தலைகீழானது. உடன்படிக்கை என்று தீர்ப்பாகியிருந்தால் பேரரசோடு அதுவும் மறைந்திருக்கும். குத்தகையாக இருந்ததால் கம்பம் பள்ளத்தாக்கு வயல்களின் நீருரிமை நிலைத்தது.